ஒரு நூலிழை மிச்சம் இருக்கட்டும்: ஷேவிங் எரிச்சல் ஏன் வருகிறது, எப்படித் தீர்ப்பது

ஷேவ் செய்து முடித்ததும் கை தானாகவே கன்னத்துக்குப் போகும். தாடைக்குக் கீழே எங்காவது சொரசொரவென்று தட்டுப்பட்டால் பிளேடும் மறுபடி அங்கே போகும். அதற்குள் நுரை போயிருக்கும், ஈரமும் பாதி காய்ந்திருக்கும். இருந்தாலும் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு. அரை மணி நேரத்தில் கழுத்து காந்தத் தொடங்கும். பிளேடு சரியில்லை, கிரீம் சரியில்லை, என் தோலே இப்படித்தான் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்வோம். அந்தக் கடைசி இழுப்பை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நானும் பல வருடங்கள் சந்தேகப்படவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் சிவந்த மொட்டுகள், அவை ஆறிய இடத்தில் கருமை, அந்தக் கருமை மறைவதற்குள் பக்கத்தில் அடுத்த மொட்டு. ரேசரை மாற்றிப் பார்த்தேன், நுரையை மாற்றினேன், ஷேவ் செய்யும் நேரத்தைக்கூட மாற்றினேன். மாற்றாமல் வைத்திருந்தது ஒன்றுதான்: முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். ஷேவிங் எரிச்சலைப் பற்றித் தோல் மருத்துவம் சொல்வதை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், சுற்றிச் சுற்றி அது வந்து நிற்கும் இடமும் அந்தப் பிடிவாதம்தான்.

பிளேடு முடியை மட்டும்தான் வெட்டுகிறது என்று நினைக்கிறோம். ஆனால் அது தோலின் மேல் ஊர்ந்துதான் முடியை அடைகிறது. தோலின் ஆக மேலே, இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கடுக்காக ஒட்டிக் கிடக்கின்றன. இந்த அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பசை உள்ளே உள்ள ஈரத்தை வெளியே விடாது, வெளியே உள்ள சோப்பையும் கிருமியையும் எளிதில் உள்ளே விடாது. பிளேடு போகும் ஒவ்வொரு முறையும் இந்த அடுக்கில் கொஞ்சம் சீவிக்கொண்டு போகிறது. ஒரு முறை சீவினால் தோல் தாங்கிக்கொள்ளும், அப்புறம் தானே சரிசெய்துகொள்ளும். ஒரே இடத்தில் நான்கைந்து முறை சீவினால் காப்பு உடைந்துபோகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது, தண்ணீர் பட்டால்கூட எரிகிறது.

இது ஒரு வகை எரிச்சல். 'எரிச்சல்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் ஐந்தாறு தனித்தனிக் கோளாறுகளைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிரித்துப் பார்க்க நல்ல வழி, எப்போது வருகிறது என்று கவனிப்பது. ஷேவ் செய்த சில நிமிடங்களில் காந்தல் வந்து ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கினால் அது மேலே சொன்ன சிராய்ப்பு. ரேசர் பர்ன் என்பது இதைத்தான். ஓரிரு நாள் கழித்து, முடி மறுபடி தலைகாட்டும் சமயத்தில், கழுத்திலும் தாடை ஓரத்திலும் கெட்டியான சிறு மொட்டுகள் வந்தால் அது உள்ளே சுருண்ட முடி. மொட்டின் நடுவில் முடியும் சுற்றிலும் சீழும் இருந்தால் மயிர்க்காலில் பாக்டீரியா புகுந்திருக்கலாம். எரிச்சலைவிட அரிப்பு அதிகமாக இருந்து, கிரீம் பட்ட இடமெல்லாம், பிளேடு படாத இடத்திலும், தடித்துக்கொண்டால் அந்தக் கிரீமில் உள்ள ஏதோ ஒன்று, பெரும்பாலும் வாசனைப் பொருள், ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் செதிலோடு பரவி, அங்கே உள்ள தாடி முடி லேசாகப் பிடித்தாலே கழன்று வந்தால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து வலித்தால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். இந்தக் கடைசி இரண்டில் ஷேவிங்கை நிறுத்தாவிட்டால் பிளேடே தொற்றை முகமெங்கும் கொண்டுபோய்ப் பரப்பும்.

இவற்றில் ஆளை அதிக நாள் வாட்டுவது உள்ளே சுருண்ட முடிதான். அதனால் அதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதன் மருத்துவப் பெயர் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே. சூடோ என்றால் போலி, பார்பே என்றால் தாடியின். பார்வைக்கு மயிர்க்கால் தொற்று மாதிரியே இருக்கும், ஆனால் தொடங்கி வைப்பது கிருமி இல்லை. நம்முடைய சொந்த முடிதான். சுருட்டை முடியின் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கிறது, அதிலிருந்து வரும் முடியும் வளைந்துதான் வளர்கிறது. பிளேடு அதைச் சாய்வாக வெட்டும்போது முனை ஈட்டிபோலக் கூராகிவிடுகிறது. அந்தக் கூர்முனை கொஞ்சம் வளர்ந்து, வளைந்து, தான் வெளிவந்த இடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி தோலைக் குத்தி உள்ளே நுழைகிறது. இது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்டால், அது வெளியே வராமலே மயிர்க்காலின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இரண்டிலும் உடம்பு அதைத் தன் முடியாகப் பார்ப்பதில்லை. காலில் தைத்த முள்ளை எப்படி எதிர்க்குமோ அப்படியே எதிர்க்கிறது. வீக்கம், சிவப்பு, சில சமயம் சீழ், எல்லாம் அந்த எதிர்ப்பின் விளைவு.

ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இது மிகவும் அதிகம். முடியின் சுருள் முக்கியக் காரணம். மயிர்க்காலின் உறையில் இருக்கும் கெரட்டின் 75 என்ற புரதத்தின் மரபணுவில் வரும் ஒரு சிறு மாற்றமும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தினமும் மழித்தாக வேண்டும் என்று விதி வைத்திருந்த அமெரிக்க ராணுவத்தில், இந்தக் கோளாறுக்காகவே வீரர்களுக்கு மருத்துவ விலக்கு கொடுக்கும் நடைமுறை வெகுகாலம் இருந்திருக்கிறது. நேரான முடி உள்ளவர்களும் முழுதாகத் தப்பிவிட முடியாது. கழுத்தில் முடி தோலோடு படிந்து, சுழி சுழியாகத் திசை மாறி வளர்வதால் அங்கே மட்டும் பலருக்கு இந்த மொட்டுகள் வருகின்றன.

இந்த இரண்டாவது வழியை, அதாவது தோலுக்குக் கீழே வெட்டுப்படுவதை, நாமே கஷ்டப்பட்டு வரவழைக்கிறோம். தோலை இழுத்துப் பிடித்து ஷேவ் செய்தால் முடி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளும். வெட்டிவிட்டுக் கையை எடுத்ததும் தோல் பழைய இடத்துக்குப் போகும், முடியின் முனை உள்ளே அமுங்கிவிடும். எதிர்த்திசையில் மழிப்பதும் இதே வேலையைச் செய்கிறது. பல பிளேடு ரேசர் இதை ஒரு தொழில்நுட்பமாகவே ஆக்கிவிட்டது. 1971-இல் ஜில்லெட் இரண்டு பிளேடு கொண்ட டிராக் டூ ரேசரைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைக் கவ்வி இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டும் என்பதுதான் இந்த ரேசர்களின் கணக்கு. பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று பிளேடுகள் கூடிக்கொண்டே போயின. பிடிவாதக்காரருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. ஆனால் மொட்டு வரும் கழுத்துக்கு இது பொருத்தமில்லாத கருவி. ஐந்து பிளேடு ரேசரால் ஒரு முறை இழுத்தால், தோலைப் பொறுத்தவரை அது ஐந்து முறை சீவியதற்குக் கிட்டத்தட்டச் சமம். எரிச்சலே வராதவர்கள் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் ஒரு பிளேடு உள்ள சேஃப்டி ரேசருக்கோ, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை மிச்சம் விடும் டிரிம்மருக்கோ மாறிப் பார்ப்பது, எந்தக் கிரீமையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய மாற்றம்.

பிளேடு மழுங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேசர் எஃகு முடியைவிட 50 மடங்கு கடினமானது. அப்படியிருக்க, முடி பட்டு எஃகு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் இதைப் பார்த்து, 2020-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்வதைவிட, சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயர்ந்துபோவதே அவர்கள் கண்ணில் பட்டது. முடி வளைந்துகொடுத்துப் பிளேடின் விளிம்பைச் சாய்வாக அழுத்தும்போது, எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்தச் சில்லு விடுகிறது. இப்படிப் பல் விழுந்த விளிம்பு முடியை வெட்டுவதற்குப் பதில் பிடுங்கி இழுக்கும், நாமும் இன்னும் அழுத்துவோம். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 5 முதல் 7 ஷேவுக்கு ஒரு முறை பிளேடை மாற்றச் சொல்கிறது. தாடி அடர்த்தியாக உள்ளவர்களுக்கு அதற்கும் முன்பே தேவைப்படலாம். இழுப்பதுபோல உணர்ந்தால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பிளேடைக் குளியலறை ஈரத்தில் போட்டுவைக்காமல், கழுவி, உதறி, காய்ந்த இடத்தில் வையுங்கள். இன்னொருவர் பிளேடைத் தொடவே வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் இருக்கக்கூடும்.

சரி, எப்படி ஷேவ் செய்வது? வேலையில் பெரும்பகுதி பிளேடை எடுப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதை விறைப்பாக வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது. நனைந்து ஊறிய முடியை வெட்டக் காய்ந்த முடிக்குத் தேவைப்படும் விசையைவிடக் குறைவான விசையே போதும். ஆனால் இதற்கு நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று நிமிடமாவது முடி ஈரத்தில் ஊற வேண்டும். முகத்தில் ஒரு கை தண்ணீரை அடித்துவிட்டு உடனே நுரை போட்டு உடனே இழுப்பது ஊற வைப்பதில்லை. குளித்த கையோடு ஷேவ் செய்வது இதனால்தான் நல்லது. முடியாதவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் வைத்திருக்கலாம். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், அது தோலின் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போய்விடும். குளியல் சோப்பையே நுரையாக்கிக்கொள்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல் இயல்பாகக் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். வாசனை சேர்க்காத ஷேவிங் கிரீமோ ஜெல்லோ தடவி, அதையும் ஒரு நிமிடம் விட்டுவைப்பது மேல்.

அப்புறம், உங்கள் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரியுமா? இரண்டு நாள் தாடியோடு இருக்கும்போது விரலால் நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். தடவும்போது படிந்துபோகும் திசைதான் முடியின் திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் மேல்நோக்கி, பக்கவாட்டில், சிலருக்குச் சுழியாக என்று எப்படியும் இருக்கலாம். எல்லா இடத்திலும் மேலிருந்து கீழாகப் பழகிய கை, கழுத்தில் தெரியாமலே எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. திசை தெரிந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. முடி போகும் திசையில், தோலை இழுக்காமல், ரேசரின் எடை மட்டும் போதும் என்ற அளவுக்கு லேசாக, சின்னச் சின்ன இழுப்பாகப் போக வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலச வேண்டும். இரண்டாவது முறை தேவைப்பட்டால் மறுபடி நுரை போட்டுவிட்டுத்தான். கையில் கொஞ்சம் சொரசொரப்பு தட்டுப்படும், தட்டுப்படட்டும். அந்த நூலிழை மிச்சம் இருக்கும் வரை முடியின் முனை தோலுக்கு வெளியே இருக்கிறது, மயிர்க்காலின் சுவரைத் துளைக்க அதற்கு வழியில்லை. மின்சார ரேசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், தோலில் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. சிராய்ப்பு எரிச்சல் மட்டும் உள்ளவர்களுக்கு இடைவெளி விட்டால் தோல் தேறும். உள்ளே சுருளும் முடி உள்ளவர்களுக்கோ, இரண்டு மூன்று நாள் இடைவெளியே முனை வளைந்து தோலைக் குத்தத் தேவையான நீளத்தைக் கொடுத்துவிடலாம். அவர்களில் சிலருக்கு டிரிம்மரால் தினமும் லேசாக எடுப்பது ஒத்துப்போகிறது. அடிக்கடி மழித்தால் முடி தடித்து வளரும் என்ற பயம் மட்டும் வேண்டாம். 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறு அறிஞர் இதைச் சோதித்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். முகத்தில் முடியை மழிக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

முடித்ததும் ஆஃப்டர் ஷேவை அள்ளிப் பூசி, சுரீரென்று எரிந்தால் 'வேலை செய்கிறது' என்று நம்புகிறோம். மேலடுக்கு சீவப்பட்ட தோலில் ஆல்கஹால் பட்டால் எரியும், தோலை மேலும் வறளவும் வைக்கும். அந்த எரிச்சல் நல்லதற்கான அடையாளம் இல்லை. மெந்தால் கலந்தவை குளுகுளுவென்று இருப்பதும் ஒரு மாயம்தான். தோலைக் குளிரவைப்பதில் அதற்குப் பங்கில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயிலைத் திறந்துவிடுவதுதான் அது செய்யும் வேலை. உண்மையிலேயே எரியும் தோலுக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீரும், காப்பு அடுக்கைத் திரும்பக் கட்ட உதவும் ஒரு மாய்ஸ்சரைசரும். கிளிசரின், செராமைடு உள்ள, வாசனை இல்லாத ஒன்று போதும். வெட்டுக்காயத்துக்குப் படிகாரம் நல்லது. அது புரதங்களைச் சுருக்கிக் கசிவை நிறுத்தும். ஆனால் முகம் முழுக்கத் தினமும் தேய்த்தால் வறட்சியைக் கூட்டும். புதிதாக வாங்கிய எதையும், ஒரு வாரம் முழங்கையின் உள்பக்கத்தில் தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோனால் ஒவ்வாமையை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

ஏற்கெனவே வந்துவிட்டால்? சிராய்ப்பு எரிச்சலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஐந்து பத்து நிமிடம் குளிர்ந்த ஈரத்துணி, மாய்ஸ்சரைசர், தோல் அடங்கும் வரை பிளேடு வேண்டாம். சிவப்பு மிகுதியாக இருந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமை இரண்டு மூன்று நாள் மெல்லிசாகத் தடவலாம்.

உள்ளே சுருண்ட முடிக்கு முதல் மருந்து ஷேவிங்கை நிறுத்துவது. நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும், மொட்டுகள் அதிகமென்றால் இன்னும் கூட. முதல் வாரம் நிலைமை மோசமாவதுபோலத் தோன்றும், பலர் அப்போதே கைவிட்டுவிடுகிறார்கள். வெட்டுப்பட்டிருந்த முடிகள் அப்போதுதான் வளர்ந்து குத்துகின்றன. பொறுத்திருந்தால், முடி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டரை எட்டும்போது வளைந்த முடி ஸ்பிரிங்போல நிமிர்ந்து தானே வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வளையம் இருந்தால், கொதிநீரில் சுத்தம் செய்த ஊசியால் வளையத்தின் நுனியை மட்டும் மெதுவாகத் தூக்கிவிடலாம். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்து முளைக்கும் முடி உள்ளேயே சுவரைத் துளைக்க வழி பிறக்கும். கிள்ளுவதும் பிதுக்குவதும் வடுவில்தான் கொண்டுபோய் விடும்.

இதோடு சேர்த்து மருத்துவர்கள் கொடுப்பவை: இறந்த செல்களைத் தளர்த்தி முடிக்கு வழிவிடும் கிளைகாலிக் அமிலம், இரவில் தடவும் அடாபலீன் அல்லது ட்ரெட்டினாயின், சீழ் இருந்தால் பென்சாயில் பெராக்சைடும் கிளிண்டாமைசினும். அடாபலீன், ட்ரெட்டினாயின் ஆகியவற்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்காவிட்டால் அவையே எரிச்சலைக் கொண்டுவரும், கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மொட்டு ஆறிய பிறகு நிற்கும் கருமை, வீக்கத்தின்போது தோல் அதிகமாகச் சுரந்த மெலனின். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் இது மாதக்கணக்கில் இருக்கும். அசிலாயிக் அமிலம் மொட்டுக்கும் கருமைக்கும் சேர்த்து உதவுகிறது. வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடாமல் கருமைக்கு மருந்து தடவுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான்.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்புகளைத் தானாக வாங்கி முகத்தில் தடவாதீர்கள். இரண்டு நாளில் சிவப்பு மாயமாகிவிடும், அதுதான் ஆபத்தே. வீரியமான ஸ்டீராய்டு வாரக்கணக்கில் பட்டால் முகத்தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும். உள்ளே இருந்தது பூஞ்சை என்றால், அடையாளமே தெரியாமல் உருமாறிப் பரவும். அப்புறம் மருத்துவரிடம் போனாலும் அது என்ன நோய் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

சிவப்பு வேகமாகப் பரவினால், காய்ச்சல் வந்தால், மொட்டுகள் கெட்டித் தழும்பாகத் தடித்தால், தாடியில் சொட்டை விழுந்தால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சீழ்க் கொப்புளத்தைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடக்கணக்கில் மொட்டு விடாமல் வருபவர்களுக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது, முடியே குறைந்தால் சுருண்டு உள்ளே போகவும் ஒன்றும் இருக்காது. கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி:யாக் லேசர் பாதுகாப்பானது. அதன் ஒளி மேல்தோலின் மெலனினில் அதிகம் சிக்காமல் ஆழத்துக்குப் போகிறது. வேறு அலைநீளம் என்றால் தோலே சுட்டுப்போகும் வாய்ப்பு உண்டு, ஆகவே எந்த லேசர் என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். தாடி நிரந்தரமாக மெலிந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் மழித்தே வர வேண்டும் என்று விதி இருந்தால், சிகிச்சைக் காலத்துக்கு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

மொட்டெல்லாம் அடங்கிய பிறகு மறுபடி தொடங்கும்போது, முதலில் டிரிம்மரால் நீளத்தைக் குறைத்துவிட்டு, கழுத்தில் ஒரே ஒரு முறை, முடி போகும் திசையில் மட்டும் பிளேடை வையுங்கள். முடித்ததும் கை கன்னத்துக்குப் போகும், போகட்டும். அதோடு நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கழுத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மொட்டு எதுவும் இல்லையென்றால் உங்கள் தோல் தாங்கும் அளவு அதுதான்.